கரடிக்கு மூன்று பிஸ்கோத்து

வெகு காலத்துக்கு முன்னால், காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் யாரும் வேலி போடாத காலத்தில், தும்பைநாடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அதன் தலைநகரில், கோட்டை வாசலுக்கு நேர் எதிரே ஒரு பிஸ்கோத்துக் கடை. கடைக்காரியின் பெயர் செங்கமலம்.

பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். செங்கமலம் சுடும் பிஸ்கோத்து சும்மா வட்டமாக இருக்காது. கல்யாணம் என்றால் பல்லக்கு, குடை, மாலை. குழந்தை பிறந்தால் தொட்டில், கிலுகிலுப்பை. படகுத் திருவிழா என்றால் படகு, துடுப்பு, துள்ளுகிற மீன். எந்த வீட்டில் என்ன விசேஷமோ அதற்கு ஏற்ற உருவம் அவள் தட்டில் இருக்கும்.

அந்த உருவங்களுக்கு அச்சு செய்பவன் அவள் தம்பி பொன்னுரங்கம். மெல்லிய தகரப் பட்டையை வளைத்து, நுனியைச் சேர்த்துப் பற்றவைத்து, யானை வேண்டுமா யானை, அன்னம் வேண்டுமா அன்னம், கேட்டதைச் செய்து கொடுப்பான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்து, முட்டை உடைத்து ஊற்றி, மாவு சேர்த்துப் பிசைந்து, பலகையில் பரப்பி, அச்சால் வெட்டி, அடுப்பில் வைத்து எடுப்பாள் செங்கமலம். அதுவரை எல்லாரும் செய்கிற வேலைதான். அதற்குப் பிறகுதான் அவள் கை பேசும். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிப்பாள். துணியில் சலித்த சர்க்கரைப் பொடியைத் தூவித் தூவிச் சேர்ப்பாள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். அரண்மனை விருந்துக்குப் போகிற பூச்சு என்பதால் ஊரார் அதற்கு ராஜப்பூச்சு என்று பேர் வைத்திருந்தார்கள்.

அதை மெழுகுத்துணிக் கூம்பில் அடைத்து, முதலில் கெட்டிப் பூச்சால் விளிம்பில் கரை கட்டுவாள். பிறகு தண்ணீர் விட்டு இளக்கிய பூச்சை உள்ளே நிரப்புவாள். பிறகு காய வைப்பாள். கரை கட்டுவாள், நிரப்புவாள், காய வைப்பாள். காய்ந்ததும் அதன் மேல் கண்ணும் மூக்கும் இறகும் இலையும் எழுதுவாள். கீரைச் சாற்றில் பச்சை, மஞ்சள் கிழங்கில் மஞ்சள், பீட்ரூட்டில் சிவப்பு. ஒரே ஒரு நிறம்தான் அவள் கைக்கு அடங்கவில்லை. நீலம். சங்குப்பூவைக் கசக்கினால் நல்ல நீலம் வரும். ஆனால் பூச்சில் இருக்கும் எலுமிச்சை பட்டதும் அது ஊதாவாக மாறிவிடும்.

அந்த வருஷம் ராஜகுமாரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. நூறு மயில் பிஸ்கோத்து வேண்டும் என்று அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. பொன்னுரங்கம் மயில் அச்சு செய்து கொடுத்தான். செங்கமலம் சுட்டாள், கரை கட்டினாள், நிரப்பினாள், காய வைத்தாள். மயில்கள் எல்லாம் ஊதாக் கழுத்தோடு வரிசையாகக் கிடந்தன. அவளுக்குப் பொறுக்கவில்லை.

காட்டின் நடுவில் ஒரு தோட்டம் இருக்கிறது, அங்கே பூக்கும் நீலப்பூ எதனோடு சேர்ந்தாலும் நிறம் மாறாது என்று விறகு கொண்டு வரும் பெண்கள் பேசிக்கொள்வதை அவள் கேட்டிருந்தாள்.

"ரங்கா, ஒரு கூடை பறிச்சுட்டு வந்துடுடா" என்றாள்.

"ஊதா மயில்னா என்னக்கா? அழகாத்தானே இருக்கு?" என்றான் பொன்னுரங்கம்.

"ராஜா வீட்டுக் கல்யாணம்டா. ஒருத்தர் ஒரு குறை சொல்லக் கூடாது."

"அது யாரோட தோட்டமோ என்னவோ."

"காட்டுல பூக்கிற பூவுக்கு யாருடா சொந்தக்காரன்? போய்ட்டு வா."

அக்கா சொல்லி அவன் தட்டியதில்லை. சிரித்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு நாள் போயிற்று. வரவில்லை. இரண்டு நாள் போயிற்று. வரவில்லை. மூன்றாம் நாளும் வராததால், விடிந்ததும் விடியாததுமாகக் கடையைப் பூட்டிவிட்டு செங்கமலம் காட்டுக்குள் நடந்தாள்.

நடு வெயிலில் அந்தத் தோட்டத்தை அடைந்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் நீலம். மயில் கழுத்து எப்படி இருக்குமோ அப்படி ஒரு நீலம். வாசலில் அவள் கொடுத்தனுப்பிய கூடை கவிழ்ந்து கிடந்தது. பூக்கள் மண்ணில் கொட்டிக் கிடந்தன. பக்கத்தில் பொன்னுரங்கத்தின் சட்டை, தோள்பட்டையிலிருந்து கிழிந்து கிடந்தது.

"ரங்கா!" என்று கத்தினாள்.

செடிகளுக்கு நடுவிலிருந்து ஒருவன் எழுந்தான். கிழவன் என்றும் சொல்ல முடியாது, வாலிபன் என்றும் சொல்ல முடியாது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அவன்தான் நீலத்தோட்டக்காரன். பெரிய மந்திரவாதி. அவனுக்குப் பேர் ஒன்று இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

"உன் தம்பி அதோ இருக்கிறான்" என்று கை காட்டினான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கரடி தேனடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. செங்கமலம் தண்ணீருக்குள் இறங்கிக் கூப்பிட்டாள். கரடி நிமிர்ந்து பார்த்தது. பல்லைக் காட்டி உறுமியது. அந்தக் கண்ணில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை.

"என் பூவைக் கேட்காமல் பறித்தான். அதனால் இப்படி ஆனான்" என்றான் மந்திரவாதி.

"ஒரு கூடைப் பூவுக்கா?"

"இது என்ன பூ என்று தெரியுமா? அந்தச் செடியைப் பார். தன் புருஷன் போருக்குப் போன நாளை ஒருத்தி மறக்க வேண்டும் என்று வந்தாள். மறந்தாள். அந்த நாள் இங்கே பூத்தது. இந்தச் செடியைப் பார். ஒருத்தன் கண் பார்வை கேட்டு வந்தான். அதற்குத் தன் தாய் முகத்தைக் கொடுத்தான். அந்த முகம் இங்கே பூத்தது. இங்கே இருப்பதெல்லாம் மனுஷர்களின் ஞாபகம். நான் யாரையும் ஏமாற்றியதில்லை. கேட்டதைக் கொடுப்பேன், அதற்கு ஈடு வாங்குவேன். உன் தம்பி கூடை நிறைய அள்ளினான்."

செங்கமலம் மண்ணில் கொட்டிக் கிடந்த பூக்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தனின் தாய் முகத்தையா மயில் கழுத்தில் பூச நினைத்தேன்?

"அவன் தப்பு இல்ல சாமி. நான்தான் அனுப்பினேன். அவன் யோசிச்சான், நான்தான் துரத்தி விட்டேன். என்னைக் கரடியாக்கு, அவனை விட்டுடு."

மந்திரவாதி தலையசைத்து மறுத்தான்.

"ஆளுக்கு ஆள் மாற்றுவது என் வேலை இல்லை. ஈடு கொடுத்தால் மீட்கலாம். நீ என்ன வேலை செய்கிறாய்?"

"பிஸ்கோத்து சுட்டு, அதுல படம் எழுதுறேன்."

"அப்படியானால் மூன்று பிஸ்கோத்து சுடு. ஒரு நாளைக்கு ஒன்று. நீயும் அவனும் மட்டும் சேர்ந்து பட்டது எதுவோ, அதை முதல் இரண்டிலும் எழுது. மூன்றாவதில் அவனையே எழுது. முதலாவதைத் தின்றால் உன்னைத் தெரிந்துகொள்ளும் பார்வை திரும்பும். இரண்டாவதைத் தின்றால் பேச்சு திரும்பும். மூன்றாவதைத் தின்றால் உருவம் திரும்பும். அவனாக விரும்பித் தின்ன வேண்டும், அவ்வளவுதான்."

"ஈடு?"

"எதை எழுதுகிறாயோ, கடைசிக் கோடு முடிந்த கணமே அது உன் மனசை விட்டுக் கிளம்பி இங்கே வந்து பூக்கும். காகிதத்தில் எழுதி வைத்தாலும் பயன் இல்லை. படித்தால் வேறு எவளோ ஒருத்தியின் கதை மாதிரி இருக்கும்."

செங்கமலம் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

ஊருக்குத் திரும்பியபோது கோட்டை வாசலில் தண்டோரா போட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டு வழியில் ஒரு கரடி திரிகிறது, மாப்பிள்ளை ஊர்வலம் அந்த வழியாக வர வேண்டும், ஆகையால் இன்றைக்கு மூன்றாம் நாள் ராஜாவின் வேட்டைக்காரர்கள் போய் அதைக் கொல்வார்கள் என்று தண்டோராக்காரன் சத்தம் போட்டான். எல்லாரும் நல்லது என்றார்கள். செங்கமலம் கடையைத் திறந்து அடுப்பை மூட்டினாள்.

முதல் நாள். மாவைப் பிசைந்தாள், பரப்பினாள், கத்தியால் மரம் போல வெட்டினாள், சுட்டாள். கரை கட்டினாள், நிரப்பினாள், காய வைத்தாள்.

அதில் அவள் எழுதியது வெள்ளம். அவளுக்கு ஒன்பது வயது, ரங்கனுக்கு மூன்று. ஆறு ஊருக்குள் வந்தது. அப்பாவையும் அம்மாவையும் கண் எதிரே கொண்டு போனது. அம்மாவின் சேலைத் துணியால் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு அவள் ஒரு புளியமரத்தில் ஏறினாள். இரண்டு பகல் அந்தக் கிளையிலேயே இருந்தார்கள். பசிக்கிறது என்று அவன் அழுதபோதெல்லாம் புளியங்கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றான். கீழே தண்ணீர், மேலே கிளை, கிளையில் இரண்டு தலை. அவ்வளவையும் பூச்சால் எழுதினாள். கடைசியாக ஒரு இலை வைத்தாள்.

வைத்ததும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று காலியானது. குனிந்து பார்த்தாள். மரம் ஒன்று நன்றாக எழுதப்பட்டிருந்தது. எந்த மரம் என்று தெரியவில்லை.

வழியெல்லாம் வெயில். ஓடைக்கரையில் பிஸ்கோத்தை வாழையிலையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கரடி வந்தது. மோந்தது. தின்றது. தின்று நிமிர்ந்தபோது அதன் கண் மாறியிருந்தது. அது ரங்கனின் கண். அந்தக் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகி மூக்கின் மேல் வடிந்தது.

"ஏன்டா அழறே?" என்று அவள் கிட்டப் போய்த் துடைத்துவிட்டாள். "மரத்துல ரெண்டு தலை எழுதியிருந்தேனே, யாரோட தலைன்னு எனக்கே தெரியலடா. நல்லா இருந்துச்சா?"

கரடி அவள் காலடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள். மாவைப் பிசைந்தாள், பரப்பினாள், குதிரை போல வெட்டினாள், சுட்டாள். கரை கட்டினாள், நிரப்பினாள், காய வைத்தாள்.

ரங்கனுக்குப் பதினோரு வயதில் முதன்முதலாகத் தகரத்தில் அச்சு செய்தான். குதிரை என்றான். முக்காலிக்கு வால் முளைத்த மாதிரி இருந்தது. தெருவே சிரித்தது. அவன் அதைக் கிணற்றில் வீசிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். செங்கமலம் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் துழாவி அதை எடுத்து வந்தாள். அன்றைக்கே அந்த அச்சால் நாற்பது குதிரை வெட்டிச் சுட்டுக் கடை முகப்பில் அடுக்கினாள். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வாங்கித் தின்றார்கள். ரங்கனும் சிரித்தான். மறுநாள் இரண்டாவது அச்சு செய்ய உட்கார்ந்தான்.

முக்காலிக் குதிரையை அப்படியே எழுதினாள். வாலின் கடைசி மயிரை இழுத்தாள். உள்ளுக்குள் இன்னொரு இடம் காலியானது.

இரண்டாவது பிஸ்கோத்தைத் தின்றதும் கரடி வாயைத் திறந்தது. முதலில் உறுமல் வந்தது. பிறகு, "அக்கா" என்றது.

செங்கமலம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். முள்ளும் தேனும் ஒட்டிய மயிரில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"அக்கா, அந்தக் குதிரையை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியே!"

"எந்தக் குதிரை?"

"இப்ப நான் தின்னது. நீ கிணத்துல இறங்கி எடுத்தியே!"

"நானா? கிணத்துலயா?" என்று அவள் கேட்டாள்.

கரடி பின்னால் நகர்ந்தது. அவளையே உற்றுப் பார்த்தது. அதற்குப் புரிந்துவிட்டது.

"புளியமரம்?" என்று கேட்டது.

"எந்தப் புளியமரம்?" என்றாள் அவள்.

"நாளைக்கு என்ன எழுதப் போறே?"

"உன்னை" என்றாள் செங்கமலம்.

"வேண்டாம். வராதே. நான் இப்படியே இருந்துக்கறேன். காட்டுல தேன் இருக்கு, ஓடைத் தண்ணி இருக்கு. நீ எப்பவாவது வந்து பாரு, போதும். என்னை யாருன்னு தெரியாத அக்கா எனக்கு வேண்டாம்."

"நாளைக்கு வேட்டைக்காரங்க வர்றாங்கடா."

"வரட்டும். நீ வராதே." கரடி புதருக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள். செங்கமலம் மாவைப் பிசைந்தாள், பரப்பினாள், வட்டமாக வெட்டினாள், சுட்டாள். கரை கட்டினாள், நிரப்பினாள், காய வைத்தாள். ரங்கனின் முகத்தை எழுதத் தொடங்கினாள். அகலமான நெற்றி. கொஞ்சம் எடுப்பான காது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் வாய். தகரம் கிழித்த தழும்பு இடது புருவத்தை இரண்டாகப் பிரித்திருக்கும். வலது புருவம் எழுதினாள். இடது புருவத்தை எழுதாமல் நிறுத்தினாள். இங்கேயே முடித்துவிட்டால் யாருக்காகச் சுட்டோம், எங்கே கொண்டு போகிறோம் என்பதே மறந்துபோகும் அல்லவா? கூம்பின் நுனி காய்ந்துவிடாமல் ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டாள். கடையைப் பூட்டினாள். தெருமுனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

காட்டுக்குள் நுழையும்போதே தூரத்தில் பறைச்சத்தம் கேட்டது. வேட்டைக்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அவள் ஓடினாள்.

கரடி ஓடைக்கரையில்தான் இருந்தது.

"வராதேன்னு சொன்னேனே" என்றது.

"நீ சொன்னதை நான் என்னைக்குடா கேட்டிருக்கேன்?" அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். "ரங்கா, நான் சொல்றதைக் கேளு. ரெண்டு பேருக்கும் நடந்ததை ரெண்டு பேரும் ஞாபகம் வெச்சுக்கணும்னு இல்ல. ஒருத்தர் வெச்சிருந்தா போதும். எனக்குப் பதிலா நீ வெச்சுக்கோ."

"நீ மறந்துட்டா நான் தின்ன மாட்டேன்."

"உன்னை ஒரு பூவுக்காக அனுப்பினேனே, அதை நினைச்சு நினைச்சு நான் செத்துடுவேன்டா. அதுக்கு மறக்கிறதே மேல்."

ஈரத்துணியைப் பிரித்தாள். கோடு பிசகக் கூடாது என்று மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தாள். புருவத்தின் முதல் பாதியை எழுதினாள். தலை தூக்கிக் கரடியின் கண்ணைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து இரண்டாவது பாதியை எழுதி முடித்தாள்.

அவள் நிமிர்ந்தாள். எதிரே ஒரு பெரிய கரடி.

"ஐயோ!" என்று பின்னால் சரிந்தாள். கையில் ஒரு பிஸ்கோத்து இருந்தது. அதில் ஒரு வாலிபனின் முகம். பார்த்ததே இல்லாத முகம். தன் கைவேலை என்று மட்டும் தெரிந்தது. இந்தக் காட்டுக்கு எதற்கு வந்தோம்?

"அக்கா" என்றது கரடி.

கரடி பேசுகிறது! ஓட நினைத்தாள். அதற்குள் பறைச்சத்தம் தலைக்கு மேல் இடிப்பது போல வந்துவிட்டது. புதரை விலக்கிக்கொண்டு இருபது வேட்டைக்காரர்கள் ஈட்டியோடு வளைத்துக்கொண்டார்கள்.

"அம்மா! தள்ளிப் போங்க!" என்று கத்தினான் அவர்கள் தலைவன்.

செங்கமலம் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தால் தப்பித்துவிடலாம். ஒரு எட்டு வைத்தாள். ஏனோ திரும்பிப் பார்த்தாள். கரடி ஓடவில்லை. பாயவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தோள் குலுங்க, அழுதுகொண்டு நின்றது.

அவள் நின்றாள். திரும்பி நடந்தாள். ஈட்டிகளுக்கும் கரடிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"குத்தாதீங்க" என்றாள்.

"அது உனக்கு யாரும்மா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன? விலகு!"

"யாரா இருந்தா என்ன? அழுதுட்டு நிக்குது. அழுதுட்டு நிக்கிற உயிரை எப்படிக் குத்துவீங்க? முதல்ல என்னைக் குத்துங்க."

பின்வரிசையில் ஒருவன் பயத்தில் ஈட்டியை எறிந்துவிட்டான். அது பறந்து வந்து செங்கமலத்தின் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. அவள் விலகவில்லை. ரத்தம் முழங்கை வழியாக இறங்கியது.

அதைக் கண்டதும் கரடி அலறியது. இனி ஒரு கணம் கரடியாக இருந்தாலும் அக்காவைக் கொன்றுவிடுவார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அவள் கையிலிருந்த பிஸ்கோத்தை அப்படியே வாயால் கவ்வித் தின்றது.

மயிர் உதிர்ந்தது. நகம் உதிர்ந்தது. கரடி நின்ற இடத்தில் ஒரு வாலிபன் மண்டி போட்டுக் கிடந்தான். அகலமான நெற்றி. எடுப்பான காது. இடது புருவத்தில் தழும்பு. வேட்டைக்காரர்கள் ஈட்டியைக் கீழே போட்டார்கள். தலைவன் தன் மேல்துண்டை எடுத்து அவன் மேல் போர்த்தினான்.

பொன்னுரங்கம் எழுந்து, அக்காவின் தோள் காயத்தை அழுத்திப் பிடித்தான். அவள் கூச்சத்தோடு கொஞ்சம் ஒதுங்கினாள்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

பிறந்த நாளிலிருந்து அவனை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

அப்போது காய்ந்த சருகை மிதித்துக்கொண்டு நீலத்தோட்டக்காரன் வந்தான். அவன் கையில் மூன்று நீலப்பூக்கள் இருந்தன. முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது.

"பெண்ணே, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவனைப் பற்றி உனக்கு இருந்ததையெல்லாம் நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு எதை வைத்து அவனுக்கு முன்னால் நின்றாய்?"

செங்கமலம் யோசித்தாள். அவளுக்கு இந்த மனிதனையும் தெரியவில்லை.

"எதையும் வெச்சு நிக்கலை ஐயா. நிக்கணும்னு தோணுச்சு, நின்னேன்" என்றாள்.

மந்திரவாதி கையிலிருந்த பூக்களைக் குனிந்து பார்த்தான்.

"என் மந்திரம் முழுக்க ஈட்டுக்கு ஈடு. ஒன்றைக் கொடு, ஒன்றை வாங்கு. நூறு வருஷமாக இந்தத் தராசு சாய்ந்ததே இல்லை. நீ உன் உயிரையே எடுத்து வைத்தாய், பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு ஈடாக வைக்க என்னிடம் எதுவும் இல்லை. தராசு உடைந்துவிட்டது."

அவன் சொல்லி முடிக்கும்போதே கையிலிருந்த முதல் பூ உதிர்ந்தது. செங்கமலத்தின் நாக்கில் புளியங்கொழுந்தின் புளிப்பு ஏறியது. முதுகில் ஒரு சின்னப் பிள்ளையின் கனம். இரண்டாவது பூ உதிர்ந்தது. இடுப்பளவு குளிர்ந்த தண்ணீர், கையில் ஒரு வளைந்த தகரம், சிரிப்புச் சத்தம். மூன்றாவது பூ உதிர்ந்தது. அவள் தன் எதிரே நின்றவனைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள்.

"டேய் ரங்கா" என்றாள். "ஏன்டா இப்படி இளைச்சுப் போய்ட்டே? சாப்பிட்டியா இல்லையா?"

பொன்னுரங்கம் சின்னப் பிள்ளை போல அவள் மடியில் விழுந்து அழுதான்.

அந்த நேரத்தில் தோட்டம் முழுக்கப் பூக்கள் உதிரத் தொடங்கின. நீலம் எல்லாம் காற்றில் எழும்பி ஊரைப் பார்த்துப் போனது. அன்றைக்கு நெசவாளர் தெருவில் ஒருவன் நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு "அம்மா" என்று சொன்னானாம். கோட்டைக்குள் வேலை செய்த ஒருத்தி, தன் புருஷன் போருக்குப் போன நாளை நினைத்து வாய்விட்டு அழுதாளாம். அழுது முடித்ததும், மனசிலிருந்து பாரம் இறங்கியது போல இருக்கிறது என்றாளாம். கடைசியாக ஒரே ஒரு பூ மந்திரவாதியின் காலடியில் உதிர்ந்தது. அது அவனுடையது. எப்போதோ, எதற்காகவோ, அவனே கொடுத்தது. "என் பேர் மாறன்" என்று அவன் மெல்லச் சொல்லிக்கொண்டான். மேற்கே பார்த்து நடந்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

நடந்ததையெல்லாம் வேட்டைக்காரர்கள் ராஜாவிடம் போய்ச் சொன்னார்கள். ராஜா அக்காவையும் தம்பியையும் சபைக்கு வரவழைத்து, தானே எழுந்து வந்து செங்கமலத்தின் தோள் கட்டைப் பார்த்தார்.

"பெண்ணே, என் ஆட்கள் கையால் உனக்குக் காயம் பட்டது. நிலம் கேள், பொன் கேள், அரண்மனையில் இடம் கேள். எதுவானாலும் தருகிறேன்" என்றார்.

"காட்டுல வேட்டைப் பறை இனிமே அடிக்க வேண்டாம் மகாராஜா" என்றாள் செங்கமலம். "அங்க நிக்கிற எந்த உயிர் யாரோட தம்பியோ, யாரோட அக்காவோ. நமக்கு எப்படித் தெரியும்?"

ராஜா பறையைக் கொண்டு வரச் சொன்னார். எல்லாரும் பார்க்க, அதன் தோலை இழுத்துக் கட்டியிருந்த வாரைத் தன் கையாலேயே அவிழ்த்தார்.

ராஜகுமாரியின் கல்யாணத்துக்கு நூறு மயிலும் ஊதாக் கழுத்தோடே போயின; யாரும் ஒரு குறை சொல்லவில்லை. தும்பைநாட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அந்தக் காட்டில் மட்டும் யாரும் ஈட்டி எடுக்கவில்லை. அக்காவும் தம்பியும் வெகுகாலம் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்ட நீங்களும் நன்றாக இருங்கள், சொன்ன நானும் நன்றாக இருக்கிறேன்.